அண்ணன் எழுதாமல் போன பரீட்சை

எங்கள் அண்ணன் அவர்கள் எங்களை விட்டுப் போய் இந்த மாசியோடு ஒரு வருடம் நிறைகிறது. தலைத்திவசத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள் கையில் கொடுக்க ஒரு சிறு மலர் அச்சடிக்க வேண்டும் என்று ஆத்தா விரும்பினார்கள். எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் இரண்டாம் பாரம் வரைதான் படித்தவன், அதையும் முடிக்கவில்லை. ஒரே ஒரு தடவை தவிர ஓர் ஊரில் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. ரங்கூன், கொழும்பு, தூத்துக்குடி என்று அலைந்தவன் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இது இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணன் ஜெயிலில் இருந்ததை எழுத வேண்டாம், சில காலம் வெளியூரில் வாசம் செய்தார் என்று போட்டால் போதும் என்று சித்தப்பா யோசனை சொன்னார். அப்படியே போட்டுவிடலாமா என்று ஆத்தாவிடம் கேட்டேன்.

"ஊருக்கே தெரிஞ்சதை எழுதாம விட்டா, எழுதுனதையும் ஒருத்தரும் நம்ப மாட்டாக" என்றார்கள்.

ஆகவே உள்ளபடி எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது நேமத்தான்பட்டியை அடுத்த எங்கள் சிற்றூரில். கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், இரண்டு மாடு, ஒரு ஓட்டு வீடு. அய்யா வாந்திபேதியில் போனபோது அண்ணனுக்குப் பதினொரு வயது, எனக்கு ஐந்து. நிலத்தைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார். ஆத்தா களை பறித்தும் நெல் குத்தியும் எங்களை வளர்த்தார்கள்.

அண்ணனுக்குப் படிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. அவர் காரைக்குடியில் உயர்தரப் பாடசாலையில் சேர்ந்தபோது தங்க இடம் கொடுத்தது ஒரு செட்டியார் வீட்டு ஆச்சி. அவர்கள் வீட்டு மனிதர் ரங்கூனில் கடை வைத்திருந்தார். வண்டிக் கொட்டகையில் படுக்கை, இரண்டு வேளைச் சாப்பாடு. அதற்குப் பதிலாக அண்ணன் செய்ய வேண்டியது கடிதம் படிப்பது. ரங்கூன் தபால் வந்ததும் ஆச்சிக்குப் படித்துக் காட்டுவார். ஆச்சி சொல்லச் சொல்லப் பதில் எழுதுவார். நாளடைவில் அந்தத் தெருவில் பாதி வீட்டுக் கடிதங்கள் அவர் வாயால்தான் படிக்கப்பட்டன. பிள்ளை பிறந்த கடிதமும் படித்தார், சாவுக் கடிதமும் படித்தார். ஒருமுறை நான் அவரைப் பார்க்கப் போனபோது ஒரு சாவுக் கடிதம் படித்துக்கொண்டிருந்தார். முதல் வரியிலேயே அந்த வீட்டுப் பெண்கள் அழுகையைத் தொடங்கிவிட்டார்கள். அண்ணன் நிறுத்தவில்லை. கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கிழிக்கக் கொடுத்தார். ஏன் என்று கேட்டேன். செத்தவர் கடைசியாக ஏதாவது சொல்லியிருப்பார், அது எப்போதும் கடிதத்தின் அடியில்தான் இருக்கும் என்றார். நான் அதை மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை.

எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க்கு வாங்கித் தேறினார். ஆச்சியின் உதவியோடு மதுரையில் ஒரு கல்லூரியில் இன்டர்மீடியட் சேர்ந்தார். எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர். முதல் வருடம் முடிந்து விடுமுறைக்கு ஊருக்கு வந்தார். அந்த வருடம் மழை பொய்த்திருந்தது. கண்மாயில் கிடந்த கொஞ்சத் தண்ணீருக்கு இரண்டு ஊர்கள் மல்லுக்கட்டின. ஒரு காலையில் மடையைத் திறப்பதில் அடிதடி ஆயிற்று. அடுத்த ஊர்க்காரர் ஒருவர் மண்டையில் அடிபட்டு மூன்றாம் நாள் இறந்துபோனார். எங்கள் ஊரில் ஐந்து பேரைப் பிடித்தார்கள். அண்ணனும் ஒருவர். ஏழு வருடம்.

அவர் அடித்தாரா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் அப்போது ரங்கூனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். செய்தியே நாலு மாதம் கழித்துத்தான் தெரியும். அண்ணன் கையிலும் கம்பு இருந்தது. அதை அவர் கோர்ட்டிலும் மறுக்கவில்லை, வீட்டிலும் மறுக்கவில்லை. யார் அடி விழுந்தது என்று தமக்கே தெரியாது என்றுதான் சொன்னார். அந்த மனிதர் இறந்த நாளில் வருடந்தோறும் ஜெயிலில் சோறு வாங்காமல் இருந்தார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

கல்லூரியில் பேரை எடுத்துவிட்டார்கள். அவருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அது ஒற்றைத் தாள் அல்ல. கெட்டி அட்டை போட்ட புத்தகம். படித்த பள்ளி, பிறந்த தேதி, ஒவ்வொரு பாடத்தின் மார்க்கு எல்லாம் அதில்தான் இருக்கும். ஒருவர் படித்தவர் என்பதற்கு உலகத்தில் அது ஒன்றுதான் சாட்சி. ஆத்தா அதை ஒரு சிவப்புத் துணியில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

ஜெயிலில் முதல் இரண்டு வருடம் செக்கு இழுத்தார். பிறகு தறிக்கு மாற்றினார்கள். புத்தகம் கேட்டால் ராமாயணம் கொடுத்தார்களாம். இன்டர்மீடியட் பாடப் புத்தகம் கேட்டபோது வார்டர் சிரித்தாராம். அண்ணன் சளைக்கவில்லை. பரீட்சை எழுத அனுமதி வேண்டும் என்று மனுக் கொடுத்தார். கைதி கல்லூரிப் பரீட்சை எழுதியதாக அந்த ஜெயிலில் ஒரு காகிதமும் இல்லை, ஆகவே முடியாது என்று பதில் வந்தது. எழுதினால்தானே காகிதம் இருக்கும் என்று மறுபடி மனுக் கொடுத்தார். அதற்குப் பதிலே வரவில்லை. மூன்றாவது மனுவின்போது ஜெயிலுக்குப் புதிய சூப்பரிண்டெண்டு வந்திருந்தார். அவர் அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தார்.

அப்போது அண்ணன் தமக்காக மட்டும் கேட்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய கைதிகள் இன்னும் இருவர் அங்கே இருந்தார்கள். ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்து ஆரம்பப் பள்ளி ஆசிரியர். ஜெயிலில் எல்லோரும் அவரை வாத்தியார் என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். மற்றவர் ஒரு குமாஸ்தா. மூவருக்கும் சேர்த்துக் கேட்டார் அண்ணன். சூப்பரிண்டெண்டு யோசித்துவிட்டு, முதலில் உன் ஒருவன் விண்ணப்பம் போகட்டும், கல்லூரிக்குப் போகாமல் எழுதச் சர்வகலாசாலை சம்மதிக்கிறதா பார்ப்போம், அது ஒழுங்காக நடந்தால் மற்ற இருவரையும் அனுப்புகிறேன் என்றாராம். ஆக, அண்ணனின் பரீட்சையில் மூன்று பேருடைய பரீட்சை இருந்தது.

இதையெல்லாம் அண்ணன் மாதம் ஒரு கார்டில் எழுதுவார். நான் ஊரில் இருந்தால் ஆத்தாவுக்குப் படித்துக் காட்டுவேன். நான் பெரும்பாலும் ஊரில் இருக்கமாட்டேன்.

வெள்ளைக்கார மன்னர் காலமான அந்த வருடம் தை மாதம் நான் கொழும்பிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் திரும்பி வந்திருந்தேன். மன்னருக்காகக் காரைக்குடியில் கடை அடைத்ததை நானே பார்த்தேன். மாசி பிறந்து சில நாள் இருக்கும். பகல் வேளை. தபால்காரர் வீட்டுக்கு வராமல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

"தம்பி, கொஞ்சம் இங்குட்டு வாங்க" என்றார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அவர் ஒரு கவரை நுனியில் பிடித்திருந்தார். சர்க்கார் கவர். ஜெயில் முத்திரை. நான்கு பக்கமும் விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை.

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி வந்தால் நடப்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கடிதத்தை வாசல் தாண்டி உள்ளே கொண்டு போகக் கூடாது. வெளியிலேயே பிரித்துப் பார்த்து, அங்கேயே கிழித்துப் போட்டு, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். தபால்காரருக்கும் அது தெரியும். அதனால்தான் அவர் மரத்தடியில் நின்றார்.

பிரித்தேன். உள்ளே இருந்த தாளிலும் கறுப்புக் கரை. முழுக்க இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. கடைப் பலகை படிக்கும் அளவுக்குத்தான் எனக்கு இங்கிலீஷ் தெரியும். அண்ணன் பேர் தெரிந்தது, அவருடைய கைதி நம்பர் தெரிந்தது. தலையைத் தூக்கினால் ஆத்தா வாசலில் நிற்கிறார்கள். அவர்கள் கண் கரையைத்தான் பார்த்தது. அப்படியே படியில் உட்கார்ந்தார்கள்.

நான் கடிதத்தை நாலாகக் கிழித்தேன். காற்று கொண்டுபோயிற்று. நான் ஊருணிக்குக் குளிக்கப் போனேன்.

ஜெயிலுக்குத் தந்தி அடித்துக் கேட்கலாமா என்று ஒருவர் சொன்னது உண்மை. கறுப்புக் கரைக்கு மேல் என்ன சாட்சி வேண்டும், உடம்பை இந்நேரம் அவர்களே எரித்திருப்பார்கள் என்று சித்தப்பா சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் எல்லோருக்கும் அப்போது அது சரியாகவே பட்டது.

உடம்பு கிடைக்காதவர்களுக்குச் செய்கிறபடி செய்தோம். மறுநாள் வைக்கோலில் ஓர் உருவம் கட்டி, அண்ணனின் வேட்டியைச் சுற்றி, பாடையில் வைத்து நாலு பேர் தூக்கினார்கள். கொள்ளி வைக்கும் முறை என்னுடையது. புறப்படும்போது ஆத்தா தகரப் பெட்டியைத் திறந்து அந்தச் சிவப்புத் துணி முடிச்சை எடுத்து வந்தார்கள்.

"எல்லாத்தையும் விட அதைத்தான் பெருசா நெனைச்சான். அவனோட போகட்டும்" என்றார்கள்.

நான் அதை வாங்கிச் சுடுகாட்டில் வைக்கோலின் நெஞ்சில் வைத்தேன். வைக்கோல் ஒரு நொடியில் எரிந்து அடங்கிவிட்டது. புத்தகம் கெட்டி அட்டை, எரியவில்லை. வெட்டியான் கம்பால் புரட்டிப் புரட்டி விட வேண்டியிருந்தது. அவ்வளவு நேரம் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஐந்தாறு நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. தபால்காரர் இந்தத் தடவை ஓடி வந்தார். முகம் வெளிறி இருந்தது. மேல் விலாசம் அண்ணன் எழுத்து.

ஆத்தா கார்டைக் கையில் வாங்கவில்லை. தூரத்திலிருந்தே, "அவன் எழுத்தா, பாத்துச் சொல்லு" என்றார்கள். ஆமாம் என்றேன். படி என்றார்கள். படித்தேன். தாம் நலம், ஆத்தாவின் நலம் அறிய ஆவல் என்று இருந்தது. ஆத்தா அதோடு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அந்த வீட்டில் அடுப்பைச் சரியாக மூட்டினார்கள்.

மீதியை நான் எனக்குள் படித்தேன். அண்ணன் எழுதியிருந்தது இது: "சர்வகலாசாலை சம்மதம் தந்துவிட்டது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை உடனே அனுப்பும்படி ஜெயில் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு எழுதினார்கள். இன்னும் வரவில்லை. கெடு இந்த மாதம் இருபதாம் தேதி. தம்பி ஊரில் இருந்தால் கையோடு கொண்டு வந்து கொடுக்கவும். இதில் என்னோடு இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்."

கெடுவுக்கு நாலு நாள் இருந்தது.

"என்னடா கேக்குறான்?" என்று ஆத்தா உள்ளிருந்து கேட்டார்கள்.

"ஒண்ணும் கேக்கல. சொகமா இருக்காகளாம்" என்றேன்.

நடந்தே காரைக்குடி போனேன். அண்ணன் படித்த பள்ளியின் ஹெட்மாஸ்டரைப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு மூன்று கவர்களை எடுத்து என் முன்னால் போட்டார். எல்லாம் சர்க்கார் கவர். எல்லாவற்றிலும் கறுப்புக் கரை.

"மன்னருக்குத் துக்கம் அப்பா. சில ஆபீஸில் இப்போ இந்தக் காகிதத்தில்தான் எழுதுகிறார்கள். சம்பளப் பட்டியல் கூட இப்படித்தான் வந்தது" என்றார்.

எங்கள் தெருவுக்குச் சர்க்கார் கடிதம் வருவதே அபூர்வம். எங்களுக்கு அது தெரியவில்லை. மன்னர் செத்தது தெரியும். அவருக்காக எங்கள் வீட்டுக்குக் கறுப்புக் கரை வரும் என்று யார் நினைத்தார்கள்.

புத்தகத்துக்கு நகல் வாங்கலாம், ஆனால் விண்ணப்பம், தொலைந்ததற்கு உறுதிமொழி, மேலிடத்து உத்தரவு என்று மாதக்கணக்கில் ஆகும் என்றார் ஹெட்மாஸ்டர். அன்றைக்கே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தொலைந்த விதம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். எரிந்துபோயிற்று என்று எழுதச் சொன்னேன்.

அங்கிருந்து ரயிலேறி ஜெயிலுக்குப் போனேன். இரண்டு கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அண்ணன். நடுவில் வார்டர். மூன்று வருடத்துக்குப் பிறகு அவரைப் பார்த்தேன். கன்னம் ஒட்டி இருந்தது. இருமிக்கொண்டே வந்தார். என் கையைத்தான் முதலில் பார்த்தார்.

"கொண்டாந்தியா?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தைக் கிழித்தது, வைக்கோல் கட்டியது, புத்தகத்தை நானே நெஞ்சில் வைத்தது. கருமாதிச் சாப்பாட்டுக்கு யார் யார் வந்தார்கள் என்றுகூடச் சொன்னேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. அண்ணன் வலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வார்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கணக்குல எம்புட்டு மார்க்குன்னாச்சும் பாத்தியா?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே."

"பாத்திருந்தா எரிச்சிருக்க மாட்ட. அப்பேர்ப்பட்ட மார்க்கு."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. இருமி முடித்ததும் வேறு குரலில் பேசினார். "எனக்கு ஒண்ணும் இல்லடா. அவுக ரெண்டு பேருக்கு என்ன சொல்லுவேன்?" நேரம் முடிந்தது என்று வார்டர் சொன்னபோது அண்ணன் கடைசியாக ஒன்று சொன்னார்: "நகல் கைக்கு வர்ற வரைக்கும் எங்குட்டும் ஓடிராத. இந்த ஒரு தடவ."

நான் ஓடவில்லை. பள்ளிக்கு எதிரே ஒரு காபி கிளப்பில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் இருந்தேன். அதுதான் நான் ஓர் இடத்தில் அதிக நாள் இருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை ஹெட்மாஸ்டர் அறை வாசலில் போய் நிற்பேன். அவர் தலையை ஆட்டுவார்; நான் திரும்பி வந்து டம்ளர் கழுவுவேன். அந்த வருடத்துப் பரீட்சை செப்டம்பரில் நடந்து முடிந்தது. அதன் பிறகு ஐப்பசியில் நகல் வந்தது. புத்தம் புதிய அட்டை. ரிஜிஸ்தர் தபாலில் ஜெயிலுக்கு அனுப்பினேன். பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. தபாலில் சேர்த்துவிட வேண்டும் என்பதே நினைப்பாக இருந்தது.

சர்வகலாசாலை மறுபடியும் சம்மதம் கொடுத்தது. மறு வருடம் பங்குனியில் எழுதலாம் என்று உத்தரவு வந்தது. சூப்பரிண்டெண்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றி மற்றவர்களின் விண்ணப்பங்களையும் அனுப்பினார். ஆனால் அந்த ஒரு வருட இடைவெளியில் குமாஸ்தா மனம் விட்டுப்போய்ப் படிப்பை நிறுத்திவிட்டார். தறியே போதும் என்று சொல்லிவிட்டாராம். அண்ணனுக்கு மார்கழியில் ரத்தமாக வந்தது. க்ஷயம் என்று ஜெயில் ஆஸ்பத்திரியில் தனியாகப் போட்டார்கள். க்ஷயக்காரர் பரீட்சை அறையில் மற்றவர்களோடு உட்காரக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று அண்ணன் கேட்டார். அதற்கும் வழியில்லை என்றார்கள்.

ஆகவே அந்த ஜெயிலில் முதன்முதலாக இன்டர்மீடியட் பரீட்சை எழுதிய கைதி வாத்தியார்தான். தேறியும் விட்டார்.

அண்ணனுக்குத் தண்டனையில் மீதியிருந்த காலத்தை நோயை உத்தேசித்துத் தள்ளுபடி செய்தார்கள். நான் போய் அழைத்து வந்தேன். ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வாத்தியார் தேறியதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். இனிமேல் அந்த ஜெயிலில் காகிதம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது என்றார். செட்டிநாடு ஸ்டேஷனில் இறங்கி மாட்டு வண்டியில் ஊருக்கு வந்தோம்.

வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார்கள். காரியம் முடிந்த ஆள் அப்படியே உள்ளே வரக் கூடாது, பிறந்த பிள்ளைக்குச் செய்வதுபோல் தலைக்கு ஊற்றிப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் வரலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். காய்ச்சலோடு அவரைக் கொல்லைப் பக்கம் உட்கார வைத்து ஆத்தா வெந்நீர் ஊற்றினார்கள். பிறகு காதருகில் குனிந்து மூன்று முறை பேரைச் சொன்னார்கள். மூன்றாம் முறை அண்ணன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து தம் கைதி நம்பரைச் சொன்னார். ஜெயிலில் பேர் கூப்பிட்டால் அப்படித்தான் பதில் சொல்ல வேண்டுமாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆத்தா சிரிக்கவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை, நாலாவதாக, பேரைச் சொன்னார்கள். அதற்கு அண்ணன், "இங்கதான் இருக்கேன் ஆத்தா" என்றார்.

அதன் பிறகு நாலு மாதம் இருந்தார். அடுத்த பரீட்சைக்குப் பாடப் புத்தகங்கள் கேட்டார்; ஆச்சி வாங்கி அனுப்பினார்கள். நெஞ்சில் வைத்துப் படிக்கத் தெம்பில்லாமல் போனதும் என்னைப் படிக்கச் சொன்னார். நான் இங்கிலீஷை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு திருத்துவார். ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் ஆகும். ஒருமுறை நான் அலுத்துப்போய் நடுவில் நிறுத்தினேன். "அடி வரைக்கும் படிடா" என்றார். என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பாடத்துக்காகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது வேறு இடத்தில் போய்த் தைத்தது.

வைக்கோலை எரித்து இரண்டு வருடம் கழித்து, அதே மாசி மாதத்தில், ஒரு காலை, கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவருக்கு இருபத்தொன்பது வயது.

முன்பு தூக்கிய அதே நாலு பேர்தான் இந்த முறையும் தூக்கினார்கள். இரண்டுக்கும் கனத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று அதில் ஒருவர் சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது சொன்னார். அவரும் கேலியாகச் சொல்லவில்லை.

புறப்படும்போது ஆத்தா மறுபடியும் பெட்டியைத் திறந்தார்கள். ஜெயிலிலிருந்து அண்ணனோடு திரும்பி வந்த நகல் புத்தகம் அதில் இருந்தது. எடுத்து என்னிடம் நீட்டினார்கள். நான் வாங்கினேன், பாடையில் வைக்கவில்லை. அங்கேயே நின்று பிரித்துப் பார்த்தேன். கணக்கில் தொண்ணூற்றாறு. ஆத்தாவிடம் சொன்னேன். "அது நல்ல மார்க்கா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். திருப்பி வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள்.

பதினாறாம் நாளுக்கு வாத்தியார் வந்திருந்தார். விடுதலையாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அண்ணன் க்ஷய வார்டில் இருந்தபோது தாம் பதினைந்தடி தள்ளி வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்ததாகவும், அண்ணன் கட்டிலில் படுத்தபடி அங்கிருந்தே பாடம் சொல்லுவார் என்றும், உரக்கச் சொன்னால் இருமல் வரும் என்பதால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். சாப்பிட உட்கார்ந்தபோது அவர் சொன்ன இன்னொன்றுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

"முதல் வருசமே எழுதியிருப்போம் தம்பி. அந்தப் பாழாய்ப்போன தபால்காரன் ஜெயில் கடிதத்தைத் தொலைத்துவிட்டான். உங்கள் அண்ணன்தான் சொன்னார். ஒரு வருசம் முழுக்க அவனைத் திட்டியிருக்கிறேன்."

கூட இருந்த இருவரிடமும் அண்ணன் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அவர்களுக்குக் கடைசி வரை வேறு காரணம் தெரியாது. நான் வாத்தியாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மோர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு முடித்தார். போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். குமாஸ்தா இன்னும் உள்ளே இருக்கிறார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. இந்த மலரில் ஒன்றை அவர் விலாசத்துக்கு அனுப்பப் போகிறேன். உள்ளே கொடுப்பார்களா என்று தெரியாது.

அண்ணனுக்குச் சோறும் கூரையும் புத்தகமும் கொடுத்த காரைக்குடி ஆச்சிக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. கேட்ட அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, எட்டு மாதம் என்னை வாசலில் சகித்துக்கொண்ட ஹெட்மாஸ்டர் அவர்களுக்கு நன்றி. எழுதி முடித்து வழி திறந்து வைத்த வாத்தியாருக்கு நன்றி. ஒரே மனிதரை இரண்டு முறை சுமந்த நாலு பேருக்கும், இரண்டு முறையும் முகம் சுளிக்காமல் வந்து உட்கார்ந்து அழுத பெண்களுக்கும் நன்றி. கஷ்டம் எல்லாவற்றிலும் நிலத்தைக் கைவிடாமல் காத்த சித்தப்பாவுக்கு நன்றி.

கடைசியாக எங்கள் தபால்காரர். எங்கோ ஒரு ஜெயிலில் தம்மீது ஒரு பழி இருந்ததே அவருக்குத் தெரியாது. அந்தக் கடிதத்தை அவர் வெயிலில் நடந்து, நனையாமல், கசங்காமல், சரியான ஆளிடம் சரியான நாளில் கொண்டுவந்து கொடுத்தார். கெடுவுக்கு அப்போது மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. புத்தகம் பெட்டியில் இருந்தது. தபாலில் ஒன்றும் தொலையவில்லை.